பின்னால் வருபவளுக்கு ஓய்வு நாள்

பிப்ரவரி 13

அன்புள்ள டைம்கீப்பர் ஐயாவுக்கு,

நலம். முட்டி மட்டும் இன்னும் முழு நலமில்லை. தேங்காய் அளவு வீங்கியிருந்தது எலுமிச்சை அளவுக்கு இறங்கியிருக்கிறது. நீங்கள் கிளம்பிப் போய் இரண்டு நாளாகிறது. பேசிக்கொண்டபடி அடுத்த ஊர்த் தபால் நிலையத்துக்கு எழுதுகிறேன். "நேரில் வந்து வாங்கிக்கொள்வார்" என்று உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். இங்கே போன் எடுக்காது. கொட்டகைக் கூரையில் ஏறினால் சிக்னல் ஒரு கோடு கிடைக்குமாம். இந்த முட்டியோடு நான் கூரை ஏறினால் மகள் ஊரிலிருந்து ஆம்புலன்ஸோடு வந்து நிற்பாள்.

இந்தக் கூட்டுப் பண்ணையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், இந்த வயதில் எதற்கு சைக்கிள் என்று. "எங்க வீட்டுக்காரரு பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தாரு. ஆயுசு பூரா அடுத்தவன் வண்டி கிளம்புற நேரத்தையே எழுதிட்டிருந்தாரு. ரிடயர் ஆனதும், நாமளும் கிளம்பலாம், வீட்டு வாசல்லேருந்து கடல் வரைக்கும் மிதிக்கலாம்னாரு. நானும் சரின்னுட்டேன்" என்றேன். "நீங்க எதுக்கு சரின்னீங்க?" என்று கேட்டாள் நாற்று அக்கா. நமக்கு அறை காட்டினாளே, நாற்றங்கால் முழுக்கத் தன் பொறுப்பு என்று சொன்னாளே, அவள்தான். சிரித்து வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

நாம் வந்த மறுநாள் இவர்களுக்கு ஓய்வு நாள். பதினெட்டுக் குடும்பமும் ஒரே நிலத்தில் பாடுபட்டு, ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கு அந்த அடுப்பே எரியாது. முந்தின நாள் சமைத்த ஆறின சாப்பாடுதான். மாட்டுக்குத் தீனி போட இரண்டு பேரைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். மற்றவர்கள் ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது, விருந்தாளிக்கும் அதே சட்டம் என்று நமக்கும் சொன்னார்கள். நான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் மரத்தடிக் கட்டிலில் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். நீங்கள் "சும்மா ஒரு நடை போயிட்டு வரேன்" என்றீர்கள்.

நாற்றங்கால் ஓரத்தில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்ததா? அது பழுது இல்லையாம். அதன் கீழே சாக்கு விரித்து, சாக்கின் மேல் கோஸ் நாற்றுத் தட்டுகளை வைத்திருக்கிறார்கள். குழாய் இரவும் பகலும் சொட்டும், சாக்கு ஈரமாகவே இருக்கும், தட்டுகள் அடியிலிருந்து தண்ணீர் குடித்துக்கொள்ளும். அதை நம்பி இவர்கள் இரண்டு நாளாக உருளைக்கிழங்கு வயலில் இருந்தார்கள். இன்று காலை நாற்று அக்கா போய்ப் பார்த்தால் சாக்கு காய்ந்து முறுகிக் கிடக்கிறது. மூன்று தட்டு நாற்று கருகிவிட்டது.

"யாரு இந்தக் குழாய மூடினது?" என்று அவள் போட்ட சத்தத்தில் மாடே கயிற்றை இழுத்தது.

நானும் நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கையால் மூடியது இல்லை, ஸ்பானர் வைத்து இறுக்கியது. குழாயின் கழுத்தில் சுரண்டின தடம் இருக்கிறது. ஓய்வு நாளில் சட்டைப் பையில் ஸ்பானரோடு நடை போகிற மனிதர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் ஆகவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களே எழுதிச் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்னால் வருபவள்


பிப்ரவரி 18

என் மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. சாலை நன்றாக இருக்கிறது. எதிர்க்காற்று இல்லை. பின்சக்கரத்தில் ஒரு பஞ்சர், உடனே ஒட்டிவிட்டேன்.

குழாய் விஷயம். சொட்டுகிற குழாயைப் பார்த்தால் எந்த மனிதனுக்கும் மூடத்தான் தோன்றும். அது வேண்டுமென்றே சொட்டுகிறது என்று நான் என்ன கனவா கண்டேன்? ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்க வேண்டும். டிப்போவில் நாங்கள் எல்லாவற்றுக்கும் போர்டு வைப்போம். மேலும் அந்தக் குழாயின் வாஷர் தேய்ந்திருந்தது, அதையும் நான்தான் சரிசெய்தேன். நன்றி எதிர்பார்க்கவில்லை. ஆனால் கொலைக் குற்றம் போலப் பேச வேண்டாம். நீயே சொல்லிவிடு. நல்ல எண்ணத்தில் செய்தது என்று சேர்த்துச் சொல்.

நீ ஏறி வர வேண்டிய ரயில் வாரம் ஒருமுறைதான், ஞாயிறு காலை. சைக்கிளைச் சரக்குப் பெட்டியில் ஏற்ற ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். ஞாயிறு மாலை நான் இந்த ஊர் ஸ்டேஷனில் நிற்பேன். முட்டிக்கு இரண்டு வேளை ஒத்தடம் கொடு. வரும் வாரம் மேடு அதிகம், காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட வேண்டும்.

மகள் பேசினாள். "அம்மாவ ஒரு ஊருல விட்டுட்டா போனீங்க?" என்று சத்தம் போட்டாள். உன் முட்டிதான் காரணம் என்று அவளுக்கு நீயும் ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் கணவன்


பிப்ரவரி 24

அன்புள்ள என் கணவருக்கு,

"என் மனைவிக்கு" என்று ஆரம்பித்து "உன் கணவன்" என்று முடிக்கிறீர்களே, வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன்.

ஞாயிறு மாலை ஸ்டேஷனில் நின்றிருப்பீர்கள். நான் வரவில்லை. வரவில்லை என்று முன்கூட்டிச் சொல்லவும் இல்லை, அது தப்புதான். ரயிலுக்குப் போக பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டு, கடைசியில் மனசு மாறிவிட்டது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

குழாயை மூடியது நீங்கள்தான் என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். நல்ல எண்ணம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. ஒரே சிரிப்பு. இங்கே டிராக்டர் என்று ஒருவர் இருக்கிறார், அவர் குறட்டைக்கு வைத்த பெயர் அது. அவர் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "குழாய மூடினது கூடப் பரவால்ல. ஓய்வு நாள்ல வேலை செஞ்சாரே, அதுக்கு என்ன பதில்?" என்றார்.

ஓய்வு நாளில் வேலை செய்தால் இங்கே ஒரு தண்டனை உண்டு. மறுநாள் மற்றவர்கள் வேலை செய்யும்போது வயல் வரப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர் பொழுது சாயும் வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து உதவக் கூடாது. யாராவது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குடிக்கலாம், அவ்வளவுதான்.

"ஆளு தப்பிச்சுப் போயிட்டாரே" என்றாள் நாற்று அக்கா. "வீட்டுக்காரி உக்காரட்டும், ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதானே" என்றார் டிராக்டர்.

உட்கார்ந்தேன். முதலில் உடம்பெல்லாம் கூசியது. நாற்பது பேர் குனிந்து கிழங்கு தோண்டுகிறார்கள், நான் மட்டும் மகாராணி போல நாற்காலியில். கை பரபரவென்றது. பக்கத்தில் கிடந்த கிழங்கை எடுத்துக் கூடையில் போடப் போனேன், "உக்காருங்க!" என்று நான்கு பக்கமிருந்தும் அதட்டல். கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் அழுகை வந்துவிட்டது. பார்த்தவர்கள் முட்டி வலி என்று நினைத்தார்கள். முட்டி அன்று வலிக்கவே இல்லை.

ஏன் அழுகை வந்தது என்று உட்கார்ந்தபடியே யோசித்தேன். யோசிக்க நாள் முழுக்க இருந்ததே.

நாம் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள் முன்னால் போகிறீர்கள், நான் பின்னால் வருகிறேன். உங்கள் காலுக்கு வேகம் இருக்கிறது, அதில் குற்றமில்லை. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் நிழல் பார்த்து நிற்கிறீர்கள். சைக்கிளைச் சாய்க்கிறீர்கள், தண்ணீர் குடிக்கிறீர்கள், முகம் துடைக்கிறீர்கள், காலை நீட்டி உட்காருகிறீர்கள். அரை மணி கழித்து நான் நாக்குத் தள்ள வந்து சேருகிறேன். நான் காலைத் தரையில் ஊன்றுவதற்குள் எழுந்து, "வந்துட்டியா? கிளம்பலாமா?" என்கிறீர்கள்.

உங்களுக்கு ஓய்வு முடிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் ஆரம்பிக்க வேண்டும். நானும் சரி என்று பெடலில் காலை வைப்பேன். காத்திருந்தவரை இன்னும் காக்க வைக்கக் கூடாதே என்று நினைப்பேன். இத்தனை நாளில் வழியில் இளைப்பாறியது நீங்கள் மட்டும்தான். நான் ஒரு மேட்டில்கூட உட்காரவில்லை. முட்டி வேறு என்ன செய்யும்? அதற்கும் ஒரு எல்லை உண்டே.

சைக்கிளில் மட்டுமா என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. எழுதினால் உறை கொள்ளாது.

அதனால் ரயில் ஏறவில்லை. இங்கே இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன். மறுபடி உங்கள் பின்னால் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. கோபத்தில் எழுதவில்லை. தெரியவில்லை என்பதால்தான் தெரியவில்லை என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நாற்காலியில் உட்கார்ந்தவள்


மார்ச் 1

மனைவிக்கு,

ஸ்டேஷனில் ஞாயிறு மாலை முழுக்க நின்றேன். கடைசிப் பெட்டி வரை போய்ப் பார்த்தேன். சரக்குப் பெட்டிக்காரனிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் வந்ததா என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அடுத்த நான்கு நாளும் தபால் நிலையத்துக்கு நடையாய் நடந்தேன். இப்போது இந்தக் கடிதம்.

ஒவ்வொரு மேட்டிலும் நான் காத்திருக்கவில்லையா? வேறு எவனாவது இருந்தால் தன் பாட்டுக்குப் போயிருப்பான். வெயிலிலும் மழையிலும் உனக்காக நின்றதற்கு இதுதான் கிடைத்த பேர் என்றால், நல்லது. "உக்காரணும்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உட்காராதே என்றா சொல்லியிருப்பேன்? வாயைத் திறந்து கேட்காமல் இருந்துவிட்டு யாரோ பதினெட்டுக் குடும்பத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாய்.

நான் நாளை காலை கிளம்புகிறேன். கடலுக்குப் போவேன் என்று சொல்லி வந்தவன், போவேன்.

கணவன்


மார்ச் 12

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டிருக்கலாம் என்பது நியாயம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். கேட்க எனக்கு மூச்சு மிச்சம் இருந்ததில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று டிராக்டர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் கூரை ஏறி உங்களுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. மகளுக்குப் போட்டேன், அவளுக்கும் தகவல் இல்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபமாக இருக்கிறேன் என்றாவது ஒரு அட்டை போடுங்கள். நீங்கள் போகிற வழியிலுள்ள மூன்று ஊர்த் தபால் நிலையங்களுக்கும் இதையே எழுதிப் போடுகிறேன். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கே கிடைக்கட்டும்.

மனசே சரியில்லை.

உங்கள் மனைவி


மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக இருக்கிறேன். மகளிடமும் பேசிவிட்டேன். அவள் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. உன் கடிதத்தை இன்று காலைதான் இந்த ஊரில் வாங்கினேன். கடலுக்கு முந்தின ஊர் இது.

நடுவில் காய்ச்சல். மார்ச் இரண்டாம் தேதி கிளம்பினேன் அல்லவா, கோபத்தில் மிதித்தேன். அடுத்த நாளும் அப்படியே. மேடு வந்தால் ஏறினேன், இறக்கம் வந்தால் இறங்கினேன். எங்கேயும் நிற்கவில்லை. எதற்கு நிற்க வேண்டும்? பின்னால் யாரும் வரவில்லையே. மூன்றாம் நாள் ஒரு மேட்டின் உச்சியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே ஒரு லாரி டயர்க் கடை. கடைக்காரர் என்னைத் தாங்கிப் பிடித்து உள்ளே படுக்க வைத்தார். பழைய டயர் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சு, அதுதான் எனக்கு ஒரு வாரத்துக்குக் கட்டில். போன் எங்கோ பள்ளத்தில் விழுந்துவிட்டது. அட்டை எழுத எழுந்தாலும் தலை சுற்றியது.

டாக்டர் வந்து பார்த்தார். "வழியில அப்பப்ப ரெஸ்ட் எடுக்கிறதில்லையா?" என்று கேட்டார். எடுப்பேன் என்றேன். "எப்ப எடுத்தீங்க கடைசியா?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ கூட வந்த வரைக்கும் எடுத்திருக்கிறேன். உன்னை அங்கே விட்டுவிட்டு வந்த பிறகு வழியில் ஒரு மேட்டிலும் எடுக்கவில்லை.

அந்த டயர்க் கடையில் படுத்துக்கொண்டு உன் நாற்காலிக் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன், சிரிப்பாய். உனக்காகக் காத்திருந்ததை நான் உனக்குச் செய்த உதவியாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மெதுவாக வந்ததால்தான் நான் இளைப்பாறினேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உன் தயவில் ஓய்வெடுத்துவிட்டு, உனக்கு இல்லாமல் எழுந்து போயிருக்கிறேன். வீட்டிலும் இப்படித்தானா என்று யோசித்தேன். நீ எழுதவில்லை, ஆனாலும் சில ஞாபகம் வந்தது. நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நீ தட்டுப் போடுவாய். நீ இரண்டு வாய் வைப்பதற்குள் நான் விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் கொடுப்பேன்.

தப்பு என்னுடையதுதான். சுற்றி வளைக்கவில்லை.

இங்கிருந்து கடல் நான்கு கிலோமீட்டர். நான் போகவில்லை. ஒரு யோசனை. நீ ரயிலில் வந்துவிடு. சைக்கிளையும் கொண்டு வா. இந்தக் கடைசித் தூரத்தை இரண்டு பேரும் சேர்ந்து மிதிக்கலாம். நீ எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி.

எதிர்பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 27

அன்புள்ளவருக்கு,

டயர்க் கடைக்காரர் மகராசனாக இருக்கட்டும். உங்கள் கடிதத்தைப் படித்து, முதலில் நன்றாக அழுதேன். பிறகு நன்றாகத் திட்டினேன். காய்ச்சலோடு மேடு ஏறுகிற மனிதரை வேறு என்ன செய்வது? நாற்று அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "அவரு நல்லாருக்காருன்னு லெட்டர் வந்ததுக்கா இந்த ஒப்பாரி?" என்றாள்.

உங்கள் யோசனைக்கு என் பதில், வேண்டாம்.

கோபத்தால் இல்லை, அது போய்விட்டது. வீட்டு வாசலிலிருந்து இங்கே வரை வந்தது முழுக்க என் காலால் மிதித்து வந்த தூரம். நடுவில் ரயில் ஏறி, கடைசி நான்கு கிலோமீட்டரை மட்டும் ஓட்டிவிட்டு, கடல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. இங்கிருந்து அங்கே வரைக்கும் இருக்கிற சாலை என்னுடையதும்தான். அதை நான் மிதித்துத்தான் வருவேன். தனியாக, என் வேகத்தில்.

பயப்பட வேண்டாம். முட்டி சரியாகிவிட்டது. பத்து நாளாகப் பால் கேனைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் வரை ஓட்டிப் பழகுகிறேன். கோஸ் நாற்று மறுபடி விதைத்து முளைத்துவிட்டது, நடவை முடித்துக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கிளம்புகிறேன். தினமும் கொஞ்ச தூரம்தான். நான்கு நாள் ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு. வந்து சேர மே மாதம் முதல் வாரம் ஆகும்.

அவ்வளவு நாள் உங்களால் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்க முடியாது, எனக்குத் தெரியும். கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதென்றால் போங்கள். நான் குறை சொல்ல மாட்டேன், நிஜமாக. எதுவானாலும் பாதி வழியில் இருக்கிற ரயில் சந்திப்பு ஊர்த் தபால் நிலையத்துக்கு எழுதுங்கள். ஏப்ரல் இருபதுக்குள் அங்கே இருப்பேன்.

புது போன் வாங்கியிருப்பீர்கள். நம்பர் எழுத வேண்டாம். போனில் நான் பேசும்போது "ம், ம், அப்புறம்?" என்பீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் சும்மா இருந்துதானே ஆக வேண்டும்?

அன்புடன்,
தனியாகக் கிளம்புகிறவள்


ஏப்ரல் 16

அன்புள்ள உனக்கு,

இருக்கிறேன். போகவில்லை.

முதல் வாரம் பைத்தியம் பிடித்துவிட்டது. தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, கை பம்பு எல்லாவற்றையும் சரிசெய்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "இது பழுதா, இல்ல இப்படித்தான் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டாம் வாரம் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நீ எழுதியது சரி. கூசுகிறது.

எதிரே மீன் ஏற்றுகிற வண்டிகள் நிற்கும். அதில் ஒரு டிரைவர் பழக்கமாகிவிட்டார். "என்ன சார், தினமும் ரோட்டப் பாத்தே உக்காந்திருக்கீங்க, யாரு வரணும்?" என்றார். என் வீட்டம்மா சைக்கிளில் வருகிறாள் என்றேன். எங்கிருந்து என்று கேட்டார், சொன்னேன். "தனியாவா? நீங்க இங்க உக்காந்துட்டீங்களா?" என்றார். ஆமாம், உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றேன். அவருக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை என்று நினைக்கிறேன்.

கடலுக்கு இன்னும் போகவில்லை. நீ வராமல் பார்த்தால் அது வெறும் தண்ணீர்தான்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதை நான் இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன். எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஆனாலும் மெதுவாகவே வா.

உன்,
உட்கார்ந்திருப்பவன்


மே 6

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை ரயில் சந்திப்பு ஊரில் வாங்கினேன். அதன் கடைசிப் பாராவை மட்டும் கிழித்துப் பணப்பையில் வைத்திருக்கிறேன். மற்றதும் பத்திரமாகத்தான் இருக்கிறது.

நான் இப்போது உங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறேன். சாலையோரம் ஒரு கொய்யாத் தோட்டம். விடியுமுன் கிளம்பி இப்போதுதான் வந்து சேர்ந்தேன், தோட்டக்காரர் தம்பதி அறை கொடுத்தார்கள். அவர்களிடம் மீன் கொண்டுவந்த வண்டிக்காரர் என் சைக்கிளைப் பார்த்ததும் பிரேக் போட்டு இறங்கி, "நீங்கதானே அந்த சாரோட வீட்டம்மா?" என்றார். நீங்கள் ஊரறிய உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். மத்தியானம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

வழியில் நன்றாகவே இருந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் உட்கார்ந்தேன். சில மேட்டில் தூங்கியும் போனேன். ஒரு நாள் அடை மழை, ஒரு நாள் செயின் அறுந்து இரண்டு மணி நேரம் கருப்புக் கையோடு போராடினேன். அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன். மற்ற நேரம் அவ்வளவாக நினைக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். முன்னால் யாருடைய முதுகும் இல்லாமல் சாலையைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இனிமேல் எங்கே போனாலும் கொஞ்ச தூரம் அப்படித்தான் போவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முக்கிய விஷயம். அழுத்தி மிதித்தால் நாளை மாலைக்குள் உங்கள் வாசலுக்கு வந்துவிடலாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். எனக்கும் ஆசைதான். ஆனால் நான்கு நாள் ஓட்டி முடித்தாகிவிட்டது. நாளை எனக்கு ஓய்வு நாள். நான் வரமாட்டேன். நாளை மறுநாள் கிளம்பி வருவேன்.

உங்களுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். வந்தால் ஒரு நிபந்தனைதான், ஒரு நாள் முழுக்க என்னோடு சும்மா இருக்க வேண்டும். வராவிட்டாலும் வருத்தமில்லை.

இல்லை, அது பொய். வாருங்கள்.

உங்கள்,
நாற்பது கிலோமீட்டரில் இருப்பவள்


மே 6, மாலை

என் அன்பே,

இப்படி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை டிரைவர் கொடுத்த கையோடு, "சாயங்கால மீன் நடைக்கு மறுபடி அந்தப் பக்கம் போறேன், வண்டியில ஏறுங்க சார்" என்று கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். பிறகு இறங்கிவிட்டேன். நீ இன்றைக்குத்தான் மிதித்து வந்து சேர்ந்திருக்கிறாய். நான் வந்தால் எழுந்திருப்பாய், பேசுவாய், எனக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று பார்ப்பாய். தூங்கு. இந்தச் சீட்டை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை வண்டி நடையில் நான் வருகிறேன்.

சைக்கிளைக் கொண்டு வரவில்லை. அது இங்கேயே பூட்டிக் கிடக்கும். ஓய்வு முடிந்து நாளை மறுநாள் நீ மிதித்து வா. நான் மீன் வண்டியில் உன் பின்னால் வருகிறேன். டிரைவரிடம் பேசிவிட்டேன், உன்னை முந்தக் கூடாது என்று. தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

நாளை எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்காதே. வண்டி எப்போது கிளம்பும் என்று நான் விசாரிக்கவில்லை.

உன்,
பின்னால் வருபவன்